ஈர்ப்புப் புலக் கணக்குகளில் தொலைவை எங்கிருந்து அளப்பது?

ஈர்ப்புப் புலத்தின் வலிமை, அதாவது ஓரிடத்தில் உள்ள ஈர்ப்பு முடுக்கம், தொலைவின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) எதிர்த்தகவில் குறையும் என்பதைப் பலரும் அறிந்திருந்தாலும், அந்தத் தொலைவைத் தரையிலிருந்து அளந்துவிடுவதால்தான் பெரும்பாலான கணக்குகள் பிழையாகின்றன. புவியின் மையத்திலிருந்தே அதை அளக்க வேண்டும். எனவே, கொடுக்கப்பட்ட உயரத்துடன் புவியின் சராசரி ஆரமான 6,371 கிலோமீட்டரை முதலில் கூட்டிக்கொள்ளுங்கள்.

எடுத்துக்காட்டாக, ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு மையத்திலிருந்து உள்ள தொலைவு 6,771 கிலோமீட்டர். 6,371-ஐ இதனால் வகுத்து, இருமடியாக்கி, தரைமட்ட மதிப்பான 9.8-ஆல் பெருக்கினால், அங்குள்ள ஈர்ப்பு முடுக்கம் சுமார் 8.7 மீட்டர்/விநாடி² எனக் கிடைக்கும். அதாவது, தரையில் உள்ளதில் ஏறக்குறைய 89 விழுக்காடு. அப்படியிருந்தும் விண்வெளி வீரர்கள் மிதப்பதற்குக் காரணம், அவர்களும் நிலையமும் ஒரே முடுக்கத்துடன் புவியை நோக்கி இடைவிடாது விழுந்துகொண்டிருப்பதே ஆகும். இதை ‘ஈர்ப்பில்லாத இடம்’ என்று சொல்வது முற்றிலும் தவறு என்பதை மாணவர்களுக்குத் தொடக்கத்திலேயே விளக்கிவிடுவது மிகவும் நல்லது.

உயரம் சில கிலோமீட்டர் மட்டுமே என்றால் இவ்வளவு கணக்கிடத் தேவையில்லை. தரைமட்ட மதிப்பிலிருந்து ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சுமார் 0.03 விழுக்காடு குறைத்துக்கொண்டால் போதும்.