முன்னாள் படைவீரர்கள் கூடிக் காய்ச்சும் 20 லிட்டர் பீர்: யார் எந்த வேலையைப் பிடிப்பது

வீட்டில் பீர் காய்ச்சும் நாள் ஐந்து, ஆறு மணி நேரம் நீளும். அதில் கைக்கு வேலை இருப்பது பாதிக்கும் குறைவு. மேஷ் (மால்ட் எனும் முளைகட்டி உலர்த்திய தானியத்தை வெந்நீரில் கலந்தது) 60 நிமிடம் ஊற வேண்டும், வோர்ட் (அதிலிருந்து வடியும் இனிப்புச் சாறு) 60 நிமிடம் கொதிக்க வேண்டும், பிறகு ஆற வேண்டும். முன்னாள் படைவீரர்கள் நாலைந்து பேர் சேர்ந்து காய்ச்சினால் அந்த இடைவெளியில் "எந்தப் படை, என்ன டிரேடு (வேலைப் பிரிவு), எத்தனை வருஷம்?" என்ற பேச்சு தானாகவே வந்துவிடும். அந்தக் கேள்வியைக் காய்ச்சத் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பதிலை வைத்தே வேலையைப் பிரிக்கலாம்.

அதற்கும் முன்னால் ஒன்று: உங்கள் நாட்டில் வீட்டில் பீர் காய்ச்சச் சட்டம் இடம் தருகிறதா, தந்தால் ஆண்டுக்கு எவ்வளவு என்று பாருங்கள். சொந்தக் குடிப்புக்கு அனுமதி இருக்கும் இடத்தில்கூட விற்கக் கூடாது என்றிருக்கலாம். சாராயம் வடிப்பது முற்றிலும் வேறு விஷயம். உரிமம் இல்லாமல் வடிப்பது பெரும்பாலான நாடுகளில் குற்றம்.

யாருக்கு எந்த வேலை

பதவியைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். பணியில் கை எதற்குப் பழகியதோ அதைப் பாருங்கள்.

விமானப் பராமரிப்பில் இருந்தவரிடம் செக்லிஸ்ட்டைக் கொடுங்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு கருவியும் அதனதன் இடத்துக்குத் திரும்பியதா என்று எண்ணிப் பார்ப்பது அவர்களுக்கு ஊறிப்போன பழக்கம். காய்ச்சும் நாளில் காணாமல்போகும் சின்ன ரப்பர் வளையமும் குழாய்க் கவ்வியும் அவர் இருந்தால் காணாமல்போகாது. ஒருவர் படிக்க, இன்னொருவர் செய்துவிட்டுத் திரும்பச் சொல்லும் முறையை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். "வால்வு மூடியிருக்கா?" "மூடியிருக்கு." இந்த ஒரு கேள்வி இல்லாததால் தரையோடு போன வோர்ட் கொஞ்சநஞ்சமல்ல.

மருத்துவப் பிரிவில் இருந்தவருக்குச் சுத்தமும் முதலுதவியும். எது சுத்தமானது, எது கிருமி நீக்கியது என்ற வேறுபாட்டை அவருக்கு விளக்க வேண்டியதில்லை. கடற்படை இன்ஜின் ரூமில் நின்றவர் பர்னரையும் பாத்திரத்தையும் பார்த்துக்கொள்ளட்டும். ஸ்டோர்ஸில் இருந்தவர் எடை போடட்டும். பீரங்கிப் படையில் கணக்குப் போட்டவருக்கு வெப்பநிலையும் ஹைட்ரோமீட்டரும் (அடர்த்தி காட்டும் மிதவைக் கருவி; தண்ணீரில் 1.000 காட்டும், சர்க்கரை கூடினால் எண் ஏறும்). சிக்னல்ஸ்காரர் கடிகாரத்தையும் பதிவேட்டையும் எடுத்துக்கொள்ளட்டும்; நேரத்தை 24 மணிக் கணக்கில் எழுதினால் காலையா மாலையா என்ற குழப்பம் இருக்காது.

துப்பாக்கிச் சத்தத்திலும் இன்ஜின் சத்தத்திலும் வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்குக் காது மந்தமாக இருப்பது சகஜம். பர்னர் இரைச்சலில் டைமர் மணி கேட்காது. அதனால் நேரத்தை ஒரு பலகையில் பெரிதாக எழுதி வையுங்கள், கைச்சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். முட்டி, முதுகு போனவர்களைப் பாரம் தூக்க விடாதீர்கள். ஈரமான தானியப் பையை முதலில் தூக்கும்போது 10 கிலோவுக்கு மேல் இருக்கும். மேலே ஒரு கப்பி கட்டினால் ஒரே ஆள் இழுத்துவிடலாம்.

அளவைக் குழப்பம்

வெவ்வேறு நாட்டுப் படைகளில் இருந்தவர்கள் சேரும்போது பேச்சில் வரும் குழப்பம் பீர் காய்ச்சுவதிலும் வரும். கடற்படை கேப்டன் தரைப்படையின் கர்னலுக்குச் சமம். தரைப்படை கேப்டனோ கடற்படை லெப்டினன்டுக்குத்தான் சமம். சொல் ஒன்று, பொருள் வேறு. கேலனும் அப்படித்தான். அமெரிக்க கேலன் 3.79 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.55 லிட்டர். 5 கேலன் ரெசிபி ஒருவருக்கு 18.9 லிட்டர், இன்னொருவருக்கு 22.7 லிட்டர். மால்ட் அளவை மாற்றாமல் தண்ணீரை மட்டும் கூட்டினால் பீர் நீர்த்துப்போகும். எல்லாவற்றையும் லிட்டர், கிராம், செல்சியஸில் எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

20 லிட்டர் பேல் ஏல் வகைப் பீருக்கு வேண்டியவை

- பேல் மால்ட் 4.5 கிலோ, கிரிஸ்டல் மால்ட் 300 கிராம், கோதுமை மால்ட் 200 கிராம், எல்லாம் உடைத்தது
- தண்ணீர் 29 லிட்டர்
- ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ): மேக்னம் வகை 20 கிராம் (கசப்பு தரும் ஆல்ஃபா அமிலம் 12 சதவீதம்), காஸ்கேட் வகை 60 கிராம்
- உலர் ஏல் ஈஸ்ட் 11.5 கிராம் பாக்கெட் ஒன்று
- 40 லிட்டர் பாத்திரம், அதற்குள் அடங்கும் வலைத்துணிப் பை, செம்புக் குளிர்விப்புச் சுருள், 25 முதல் 30 லிட்டர் ஃபெர்மென்டர் (நொதிக்கவிடும் கலன்), ஏர்லாக் (உள்வாயுவை வெளியேவிட்டு வெளிக்காற்றைத் தடுக்கும் அடைப்பு), தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர்

29 லிட்டர் ஏன்? தானியம் 3.5 லிட்டர் உறிஞ்சும், ஒரு மணி நேரக் கொதியில் ஏறத்தாழ 4 லிட்டர் ஆவியாகும், அடிமண்டியோடு ஒன்றரை லிட்டர் போகும். அகலமான பாத்திரத்தில் ஆவி இன்னும் கூடும். முதல் முறை எவ்வளவு போனது என்று எழுதி வைத்தால் அடுத்த முறை கணக்கு சரியாக வரும்.

காய்ச்சும் வரிசை

குழாய்த் தண்ணீரில் குளோரின் அல்லது குளோரமைன் இருந்தால் அரை காம்ப்டன் மாத்திரையை (அவற்றை நீக்கும் சல்ஃபைட் மாத்திரை) பொடித்துக் கலக்குங்கள். இதை விட்டால் பீரில் ஆஸ்பத்திரி பிளாஸ்திரி வாசம் அடிக்கும். வந்தபின் எதைப் போட்டாலும் போகாது.

தண்ணீரை 70 முதல் 71 டிகிரிக்குச் சூடாக்கி, பையை உள்ளே விரித்து, மால்ட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கிளறுங்கள். ஒருவர் கொட்ட, ஒருவர் கிளற வேண்டும்; கட்டி கட்டினால் நடுவில் உலர்ந்த மாவு அப்படியே நின்று சர்க்கரை குறையும். கலந்ததும் 67 டிகிரி நிற்க வேண்டும். 70ஐத் தாண்டினால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை கூடி பீர் கனத்து இனிக்கும். 63க்குக் கீழே போனால் மெலிந்து வறண்டுவிடும். பாத்திரத்தைக் கம்பளியால் சுற்றி 60 நிமிடம் விடுங்கள். அடுப்பு எரியும்போது கம்பளி பக்கத்தில்கூட வரக் கூடாது.

இந்த ஒரு மணி நேரம் பேச்சுக்கு உரியது. ஆனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைப் பதிவேட்டில் ஏற்றுங்கள்.

பையைத் தூக்கி வடியவிட்டுப் பிழியுங்கள். பாத்திரத்தில் 25 லிட்டர் சொச்சம் இருக்கும். கொஞ்சம் எடுத்து 20 டிகிரிக்கு ஆறவைத்து அளந்தால் ஹைட்ரோமீட்டர் 1.041ஐ ஒட்டிக் காட்டும். 1.035க்குக் கீழே என்றால் மால்ட் சரியாக உடையவில்லை, அல்லது கட்டி கட்டியிருக்கிறது.

இனி தீயைக் கூட்டலாம். நுரை மேலேறிப் பொங்கப்போகும் அந்தச் சில நிமிடங்கள்தான் நாளின் மிக ஆபத்தான நேரம். அப்போது கதை பேசக் கூடாது. இன்ஜின் ரூம்காரர் வால்வில் கை வைத்தபடி நிற்கட்டும், பக்கத்தில் தண்ணீர்த் தெளிப்பான் இருக்கட்டும். மூடி போடாதீர்கள், பொங்குவது ஒரு பக்கம் இருக்க, வெந்த சோள வாசம் தரும் கந்தகச் சேர்மம் ஆவியோடு போக வழியில்லாமல் பீரிலேயே தங்கிவிடும். மூடிய ஷூ, முழுக்கை, தோல் கையுறை கட்டாயம். வாயு பர்னரை வெளியில் மட்டும் எரியுங்கள். மூடிய கொட்டகையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசமே இல்லை.

நுரை அடங்கியதும் மேக்னம் 20 கிராமைப் போட்டு 60 நிமிடக் கடிகாரத்தைத் தொடங்குங்கள். கடைசி 10 நிமிடத்தில் காஸ்கேட் 30 கிராம், தீயை அணைத்ததும் மீதி 30 கிராம். கடைசி 15 நிமிடத்தில் செம்புச் சுருளை உள்ளே இறக்கினால் கொதியிலேயே கிருமி நீங்கிவிடும்.

தீ அணையும்வரை யாரும் குடிக்க வேண்டாம் என்பதை முதலிலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். தூக்கத்துக்கோ வலிக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எடுப்பவர்கள் கூட்டத்தில் இருப்பார்கள். அவற்றில் பல மதுவோடு சேர்ந்தால் மூச்சையே மந்தமாக்கும். குடியை விட்டவர்களும் வருவார்கள். குடிக்காதவருக்கும் முழு வேலை இருக்க வேண்டும், "ஏன் குடிக்கலை?" என்று ஒருவரும் கேட்கக் கூடாது. ஹாப்ஸ் ஊறிய சோடாத் தண்ணீர் ஒரு ஜாடியில் தயாராக இருக்கட்டும்.

பேச்சைப் பற்றிக் கொஞ்சம்

பணிக்காலத்தை ஒப்பிடும்போது வேலையைக் கேளுங்கள், போரைக் கேட்காதீர்கள். என்ன இயந்திரம், சாப்பாடு எப்படி, இரவுக் காவல் எத்தனை மணி நேரம் என்று கேட்டால் சமையலறையில் இருந்தவரும் முன்வரிசையில் நின்றவரும் சமமாகப் பேசலாம். முன்வரிசைக்குப் போகாதவரைச் சின்னவராக்கும் பேச்சு எழுந்தால் மூத்தவர் ஒருவர் அதை வேறு பக்கம் திருப்ப வேண்டும்.

பேச்சுக்குப் பொருள் வேண்டுமானால் பீரே இருக்கிறது. 1775இல் அமெரிக்கப் புரட்சிப் படையின் தினசரி ரேஷனில் ஆளுக்கு ஒரு குவார்ட் (ஏறத்தாழ ஒரு லிட்டர்) ஸ்ப்ரூஸ் பீர் (ஸ்ப்ரூஸ் மரத் தளிரில் காய்ச்சியது) அல்லது சைடர் (ஆப்பிள் மது) இருந்தது. பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு காலத்தில் நாளுக்கு ஒரு கேலன் பீர் கொடுத்தார்கள். அந்தக் கடற்படையின் ரம் பங்கீடு 1970 ஜூலை 31 அன்றுதான் நின்றது. இரண்டாம் உலகப் போரின் முடிவில் மெனஸ்தியஸ் என்ற கப்பலுக்குள் ஒரு பீர் ஆலையையே அமைத்தார்கள். வடித்தெடுத்த கடல்நீரும் மால்ட் எக்ஸ்ட்ராக்ட்டும் (நீர் வற்றவைத்த மால்ட் சாறு) அதன் மூலப்பொருள். இடமும் நேரமும் குறைவாக இருந்தால் நீங்களும் அந்த வழியில் போகலாம்: தானியத்துக்குப் பதில் உலர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் 2.8 கிலோ போட்டால் மேஷ் வேலையே மிச்சம். தண்ணீர் 25 லிட்டரில் தொடங்கினால் போதும்.

சத்தம் சிலருக்கு உடம்பையே உலுக்கும். பர்னர் பற்றும் முன், பாத்திர மூடி நகரும் முன், பாட்டில் திறக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஆறவைப்பது, ஈஸ்ட் போடுவது

கொதி நின்றபின் வோர்ட்டைத் தொடும் எதுவும் கிருமி நீக்கியதாக இருக்க வேண்டும். முதலில் சோடியம் பெர்கார்பனேட் கரைசலில் அழுக்கு போகக் கழுவுங்கள், பிறகு கழுவத் தேவையில்லாத அமிலச் சானிடைசரை லிட்டர் தண்ணீருக்கு 1.5 மில்லி கலந்து அதில் நனைத்தெடுங்கள். அழுக்கின் மேல் சானிடைசர் வேலை செய்யாது. பிளீச்சையும் அமிலத்தையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு வரும்.

சுருளில் தண்ணீரை ஓடவிட்டு 20 டிகிரிக்குக் குளிரவையுங்கள். கொதிக்கும் பாத்திரத்தை யாரும் தூக்க வேண்டாம், இருக்கும் இடத்திலேயே ஆறட்டும். ஃபெர்மென்டரில் கொஞ்சம் உயரத்திலிருந்து ஊற்றி அளவு எடுங்கள், 1.049 அருகே வரும். ஈஸ்டை மேலே தூவி, மூடி, ஏர்லாக் செருகுங்கள். நிரம்பிய ஃபெர்மென்டர் 20 கிலோவைத் தாண்டும், இரண்டு பேர் பிடியுங்கள். கண்ணாடிக் கலனை ஈரக்கையால் தூக்கவே கூடாது.

வெளிச்சம் படாத இடத்தில் 18 முதல் 20 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். முதல் மூன்று நாள் நொதித்தல் தானே சூடு கிளப்பும். 24 டிகிரிக்கு மேல் போனால் பீரில் பழவாசம் சேரும். ஈரத்துணி சுற்றினால் சில டிகிரி குறையும். 24 மணி நேரமாகியும் ஏர்லாக்கில் குமிழி இல்லையென்றால் பதறாதீர்கள். மூடியில் கசிவு இருந்தாலும் குமிழி வராது. மேலே நுரை இருக்கிறதா என்று பாருங்கள்.

பாட்டிலில் அடைப்பது

10ஆம் நாள் ஒரு அளவு, 13ஆம் நாள் இன்னொன்று. இரண்டும் ஒன்றாக, 1.011 அருகே இருந்தால் நொதித்தல் முடிந்தது. மது அளவு ஏறத்தாழ 5 சதவீதம். இறங்கிக்கொண்டே இருந்தால் காத்திருங்கள். அவசரப்பட்டு அடைத்த பாட்டில் அழுத்தம் ஏறி வெடிக்கும். கண்ணாடி தெறிக்கும் ஆபத்து எல்லோருக்கும் பொது. திடீர் வெடிச்சத்தம் இந்தக் கூட்டத்தில் சிலருக்கு அதைவிடக் கொடியது. அந்த அச்சம் இருந்தால் பாட்டிலை விட்டுக் கெக்கில் (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) நிரப்புங்கள்.

வண்டல் போக மிஞ்சும் 19 லிட்டர் பீருக்கு 110 கிராம் சர்க்கரை. ஒரு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறவைத்து, பாட்டில் வாளியின் அடியில் ஊற்றி, அதன் மேல் பீரைக் குழாய் வழியே சலனமில்லாமல் இறக்குங்கள். தெறித்தால் காற்று கலந்து சில வாரத்தில் ஈர அட்டை சுவை வரும். அழுத்தம் தாங்கும் பழுப்புப் பாட்டில்களே வேண்டும். பச்சையிலும் வெள்ளையிலும் வெயில் பட்டால் ஹாப்ஸ் நாறிவிடும். மூடியை அடைத்து, 20 டிகிரியில் இரண்டு வாரம் ஒரு மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள்.

திறப்பதற்கு இரண்டு நாள் முன் ஃபிரிட்ஜில் நிமிர்த்தி வையுங்கள். ஊற்றும்போது அடியில் ஒரு விரற்கடை வண்டலைப் பாட்டிலிலேயே விட்டுவிடுங்கள். சுவைக்கு ஒரு வரி, குறைக்கு ஒரு வரி என்று ஒவ்வொருவரும் தங்கள் கையால் பதிவேட்டில் எழுதிக் கீழே தங்கள் டிரேடையும் போடட்டும். அடுத்த முறை வேலை பிரிக்க அந்தப் பக்கத்தைத்தான் திறக்கப்போகிறீர்கள்.