ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய ஆபீஸ் லேப்டாப்: காசு கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

கல்லூரி சேர்ந்த தம்பிக்கு சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு பழைய திங்க்பேட் வாங்கினோம். கம்பெனிகள் சில வருடம் ஓட்டிவிட்டுக் கழிக்கும் லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வரிசைதான் மாணவர்களுக்குச் சரி என்பது என் கட்சி. கீபோர்டு உழைக்கும், உதிரிபாகம் கிடைக்கும்.

1. பிராசஸர்
கடையில் "ஐ5" என்று மட்டும் சொன்னால் பின்னால் வரும் எண்ணையும் கேளுங்கள். 7200யு ஏழாம் தலைமுறை, இரண்டு கோர். 8250யு எட்டாம் தலைமுறை, நான்கு கோர். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. இன்டெல் சிப்புகளில் விண்டோஸ் 11-க்குப் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். அதனால் விலை எவ்வளவு குறைந்தாலும் ஏழாம் தலைமுறை வேண்டாம்.

2. ரேம், திரை
திங்க்பேட் டி480-ல் ரேமுக்கு இரண்டு ஸ்லாட். டி490-ல் ஒன்றுதான், மீதி ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கும். நான் டி480 பக்கம். திரை 1920x1080 இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

3. பூட்டு
இதில்தான் பலரும் மாட்டுகிறார்கள். ஆபீஸ் லேப்டாப்பை அந்தக் கம்பெனி மைக்ரோசாஃப்டின் ஆட்டோபைலட்டில் (கம்பெனிகள் தங்கள் லேப்டாப்புகளை இணையம் வழியாகத் தங்கள் கட்டுப்பாட்டில் அமைக்கும் சேவை) பதிந்து வைத்திருக்கலாம். விற்கும்போது பதிவை நீக்காவிட்டால் ஃபார்மட் செய்தாலும் போகாது. கடையில் இன்டர்நெட் இல்லாமல் விண்டோஸ் ஏற்றிக் கொடுத்தால் நன்றாகத்தான் ஓடும். பிறகு நீங்கள் ரீசெட் செய்து வைஃபை கொடுத்ததும், கம்பெனி பெயரைக் காட்டி அதன் மெயில் ஐடியைக் கேட்கும். பதிவை நீக்க அந்தக் கம்பெனிதான் மனது வைக்க வேண்டும்.

எனவே கடையிலேயே ரீசெட் போடச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணையுங்கள். சாதாரண மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்டால் நல்லது. கம்பெனி பெயர் வந்தால் வேறு லேப்டாப் பாருங்கள்.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸ் வருவதற்கு முன்பே திறக்கும் லேப்டாப்பின் அடிப்படை செட்டிங்ஸ். ஆன் செய்ததும் அழுத்த வேண்டியது திங்க்பேடில் எஃப்1, டெல்லில் எஃப்2, எச்பியில் எஃப்10. பாஸ்வேர்டு கேட்காமல் திறந்து, மாற்றங்களைச் சேமிக்கவும் விட வேண்டும். பயாஸைப் பூட்டும் திங்க்பேடின் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு, உள்ளே இருக்கும் சின்ன பேட்டரியைக் கழற்றினாலும் அழியாது.

4. பேட்டரி
கமாண்ட் பிராம்ப்டில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு 50,000, இப்போது 40,000 என்றால் 80 சதவீதம், தாராளமாக எடுக்கலாம். பாதிக்குக் கீழே போயிருந்தால் புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

பின்சேர்க்கை: "ரீசெட் போட நேரமில்லை என்கிறார்கள், என்ன செய்ய?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். செட்டிங்ஸில் கம்பெனி கணக்கு எதுவும் இல்லை என்று காட்டினால் நம்பாதீர்கள், ஆட்டோபைலட் பதிவு அங்கே தெரியாது. கம்பெனி பூட்டு வந்தால் மாற்றித் தருவோம் என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அதற்கும் மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். விண்டோஸ் வேண்டாம், உபுண்டு லினக்ஸ் மட்டுமே ஓட்டுவேன் என்பவர்களுக்கு ஆட்டோபைலட் தொல்லை இல்லை, ஆனாலும் பயாஸை அவசியம் திறந்து பாருங்கள்.