சல்ஃபர்-34 பவுடர் கைக்கு வந்திருக்கா? எதுக்கு பயப்படணும், எதுக்கு வேணாம்

லேபிள்ல ஐசோடோப்புன்னு (ஒரே தனிமம், நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் வேற) பார்த்ததுமே பாதி பேரு பாட்டில விட்டு ரெண்டடி தள்ளி நிப்பாங்க. தேவையே இல்ல. சல்ஃபர்-34 நிலையான ஐசோடோப்பு, சிதையாது, கதிர் எதுவும் வராது, ஈயப் பெட்டியும் வேணாம், கதிர் அளக்கற டோசிமீட்டரும் வேணாம். கதிர் விடுறது சல்ஃபர்-35, அரை ஆயுள் 87 நாள் சொச்சம், அது வேற கதை. ஆனா ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரே ஒரு நம்பர்தான் வித்தியாசம், அதனால பார்சல பிரிக்கும்போதே லேபிள ரெண்டு தடவ படிச்சுடுங்க.

சாதா கந்தகத்துலயே இது இருக்கு. சுமார் 95% சல்ஃபர்-32, 4.25% அளவுக்கு 34, முக்கால் சதவீதம் 33, மிச்சம் துளியூண்டு 36. 34க்கு 16 புரோட்டான், 18 நியூட்ரான். குணமெல்லாம் அதே மஞ்சப் பவுடர்தான், தண்ணில கரையாது, 115 டிகிரி கிட்ட உருகும், 445 கிட்ட கொதிக்கும். அப்போ ஆபத்தும் சாதா கந்தகத்தோட ஆபத்துதான்.

முக்கியமானது தூசியும் தீயும். நைசான பவுடர் காத்துல பறந்தா ஒரு சின்ன ஸ்டாடிக் பொறி போதும் பத்திக்கறதுக்கு, அதோட கந்தகம் மின்சாரத்த கடத்தாதுங்கறதால சார்ஜ் வேற அதுமேலயே சேர்ந்துக்கும். பிளாஸ்டிக் ஸ்பூனால சுரண்டாதீங்க, ஸ்டாடிக்ல பவுடர் தாவித் தாவி ஓடும், பாதி ஸ்பூன்லயே ஒட்டிக்கும். பத்திக்கிச்சுன்னா நீலமா எரியும், வெளிச்சமான ரூம்ல அந்த ஜுவாலை கண்ணுக்கே சரியா தெரியாது, வர்ற சல்ஃபர் டை ஆக்சைடு மூச்ச அடைக்கும். தீய அணைக்க தண்ணிய பீச்சி அடிக்காதீங்க, தூசி கிளம்பி இன்னும் மோசமாயிடும், மெல்லிசான ஸ்ப்ரேதான் சரி. குளோரேட், நைட்ரேட், அலுமினியம் பவுடர் இதெல்லாம் இருக்கற அலமாரில பக்கத்துல வைக்கவே கூடாது. கரைக்கணும்னா கார்பன் டை சல்ஃபைடுன்னு சொல்லுவாங்க, ஆனா அது 90 டிகிரி சூட்டுலயே தானா பத்திக்கும், விஷமும் கூட, என்னைக் கேட்டா வேற வழி இருந்தா அதுல போங்க.

சல்ஃபைடா மாத்தி வச்சிருந்தா ஆசிட் பக்கமே கொண்டு போகாதீங்க, ஹைட்ரஜன் சல்ஃபைடு கிளம்பிடும். அழுகின முட்டை வாடை நின்னு போச்சுன்னா வாயு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, அளவு கூடினா மூக்குதான் மரத்துப் போகும்.

இனி காசு போற இடம். செறிவூட்டின, அதாவது 34ஓட பங்க கூட்டி வச்ச பவுடரோட விலை சாதா கந்தகத்தோட சேத்தே பேச முடியாது, அதுல சாதா கந்தகம் கலந்தா அவ்ளோதான். கணக்கு பாருங்க: 99% இருக்கற 100 மில்லிகிராமோட 10 மில்லிகிராம் சாதா கந்தகம் சேந்துட்டா மொத்தம் 90%க்கு இறங்கிடும், திரும்ப பிரிக்க உங்க லேப்ல வழியே கிடையாது. அதனால தனி ஸ்பாட்டுலா, தனி கண்ணாடி வயல் (குட்டி பாட்டில்), எடுத்தது மிஞ்சினா தாய் பாட்டில்ல திருப்பிக் கொட்டாம வேற வயல்ல போட்டு பேர் எழுதி வைங்க. சர்ட்டிபிகேட்ல செறிவு சதவீதம் வேற, கெமிக்கல் சுத்தம் வேற, ஒண்ணு 99ன்னா இன்னொண்ணும் 99ன்னு நினைச்சுக்காதீங்க.

எடை போடும்போது ஃபியூம் ஹுட் (லேப்ல வாயுவ உறிஞ்சி வெளிய தள்ளுற கூண்டு) காத்து பவுடர தூக்கிட்டுப் போயிடும், கண்ணாடிக் கதவு இருக்கற பேலன்ஸ்ல போடுங்க, நைட்ரைல் கிளவுஸ், கண்ணாடி மாட்டிக்கங்க. கண்ணுல பட்டா கால் மணி நேரம் தண்ணில கழுவணும். மோல் கணக்கு போட புத்தகத்துல இருக்கற அணு எடை 32.06 எடுக்காதீங்க, இதுக்கு கிட்டத்தட்ட 33.97, கிட்டத்தட்ட 6% தப்பு வரும், ரியாக்‌ஷன் ஏன் சரியா வரலன்னு அப்புறம் மண்டைய பிச்சிக்குவீங்க.

மூடி இறுக்கி, காஞ்ச இடத்துல, ஹீட்டர் பக்கம் இல்லாம வச்சா வருஷக் கணக்கா அப்படியே இருக்கும், காலாவதி ஆகறதுக்கு இது ஒண்ணும் சிதையற சரக்கு இல்லயே.