செட்டிநாட்டு வீட்டை மராமத்து பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கம் பல வருடம் பூட்டிக் கிடந்த வீடுகளில் இப்போது வேலை நடக்கிறது. வீட்டில் ஒரு கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம்) என்று நாள் குறித்ததும் கொத்தனாரை அழைக்கிறார்கள். பாசத்தோடு, கை நிறையப் பணம் செலவழித்துத்தான் செய்கிறார்கள். அப்படியும் இத்தனை காலம் தாங்கிய வீடு, சில மாத மராமத்தில் அடையாளம் இழந்துவிடுகிறது.

பெரிய சேதம் சிமெண்டால் வருகிறது. இந்த வீடுகளின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். தரையிலிருந்து ஏறும் ஓதம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியேறிவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரத்துக்கு வழி அடைபட்டு, சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும். இரண்டு மழைக்காலம் போனதும் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்புளிக்கும். உடனே அதைக் கொத்தி எடுத்துவிட்டு, ஈரம் தடுக்கும் ரசாயனம் கலந்து மறுபடியும் சிமெண்டே பூசுவார்கள். வெளியே சுவர் வழுவழுப்பாக இருக்கும். உள்ளே செங்கல் பொடிந்துகொண்டிருக்கும்.

சுவர் நனைகிறது என்றால் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். உடைந்த ஓடா, அடைத்துக்கொண்ட மடையா, சுவரை ஒட்டிப் போட்ட சிமெண்ட் தளமா, வீட்டை விட உயர்ந்துவிட்ட தெருவா? அதைச் சரிசெய்யாமல் எந்தப் பூச்சும் நிற்காது. அப்புறம் சுவரைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தை மட்டும் எடுத்து, சுண்ணாம்பாலேயே ஒட்டுப்போட்டால் போதும். சீக்கிரம் இறுகட்டும் என்று அதில் கொஞ்சம் சிமெண்ட் கலக்க விடாதீர்கள். சுண்ணாம்புக்கு ஊறவும் உலரவும் நாள் வேண்டும். அந்த நாளைக் கொடுக்க முடியாவிட்டால் வேலையை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வையுங்கள்.

உள்சுவரின் முட்டை வெள்ளைப் பூச்சு இன்னும் அருமையானது. பல பூச்சாகப் பூசி, கடைசியில் மைய அரைத்த சுண்ணாம்போடு முட்டையின் வெள்ளைக் கரு சேர்த்துத் தேய்த்து மெருகேற்றியது. நூறு வருடம் கழித்தும் கை வைத்தால் சில்லென்று இருக்கும். மங்கலாக இருக்கிறதே என்று அதைக் கொத்திவிட்டுப் பட்டி பார்த்து எமல்ஷன் அடிப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. அந்தக் கைவேலை தெரிந்தவர்கள் இன்று மிகக் குறைவு.

அடுத்தது முற்றம். புறா வருகிறது, குரங்கு வருகிறது என்று மேலே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடுகிறார்கள். வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டில், சேரும் சூடு வெளியேறும் வாசல் அதுதான். மூடியதும் வீடு புழுங்கும். புழுக்கத்துக்கு ஏசி, ஏசிக்காகப் பொய்க்கூரை என்று ஒன்று இன்னொன்றை இழுத்து வரும். பொய்க்கூரை வந்ததும் மரவேலை செய்த மேற்கூரை கண்ணிலிருந்து மறையும். குரங்குக்குக் கம்பி வலை போதும். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழுந்து வெளியே போகிற மடையை மட்டும் மண், சிமெண்ட் விழாமல் காப்பாற்றுங்கள்.

கூரையில் நாட்டு ஓட்டைப் பிரித்து மேய்வது செலவுதான். அதற்குப் பதில் கான்கிரீட் போட்டால் பழைய சுவர் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டியிருக்கும். ஓட்டை மாற்றும்போது அதைத் தாங்கும் கைமரத்தின் நுனி உளுத்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம்.

தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆசிட் ஆகாது. அது சூளையில் சுட்டதல்ல. கண்ணாடி மேல் வண்ணச் சாந்து ஊற்றி வார்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. ஆசிட் பட்டால் மேல் வண்ணமே அரித்துப்போகும். ஈரத் துணியால் துடைத்து, எப்போதாவது கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவினால் பளபளக்கும். அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டுவது வேண்டவே வேண்டாம். பர்மா தேக்குத் தூணுக்கு எனாமல் பெயிண்டும் அப்படித்தான். செதுக்கிய இதழும் கொடியும் பெயிண்டில் மூழ்கிவிடும்.

வசதியே கூடாது என்று சொல்லவில்லை. குளியலறையைப் பின்கட்டில் வையுங்கள், வளவு அறைகளுக்குள் வேண்டாம். வயரைச் சுவரை வெட்டிப் புதைக்காமல், குழாயில் வெளியே கொண்டுபோங்கள். பின்னால் வருகிறவர் கழற்றி எடுக்கிற மாதிரி எதைச் செய்தாலும் நல்லது.

2014இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆனால் அந்தப் பட்டியல் யாருடைய வீட்டையும் காப்பாற்றாது. ஒரு வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது கல்யாணமாகித் தனிக் கணக்கான குடும்பங்களுக்கு, பங்கு இருக்கிறது. ஒருவர் தன் அறைக்கு ஒரு பெயிண்ட், இன்னொருவர் ஒரு டைல்ஸ் என்று தனித்தனியாகச் செய்கிறார்கள். கழற்றிய கதவும் நிலையும் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்குப் போய்விடுகின்றன. வேலை தொடங்கும் முன் பங்காளிகள் எல்லாரும் உட்கார்ந்து, எதைத் தொடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அறை அறையாகப் படம் எடுத்து வையுங்கள். கூரை வேலையை ஐப்பசி மழைக்கு முன் முடித்துவிட்டு, ஒரு மழை பெய்து ஓய்ந்த பிறகு சுவரைத் தொடுங்கள்.