பார்க்கின்சன் வந்தவரோடு ஒரே வீட்டில்: மாத்திரை நேரம், நிலைப்படி, கொண்டை ஊசி வளைவு

அப்பா சேலம் அம்மாப்பேட்டையில் குழித்தறியில் உட்கார்ந்து வெண்பட்டு வேட்டி நெய்தவர். கை நடுங்க ஆரம்பித்த பிறகுதான் டாக்டரிடம் போனோம், பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தது. ஆனால் அதற்குப் பல வருடம் முன்பே அப்பா மல்லிகைப்பூ வாசனை தெரியவில்லை என்றார், மலச்சிக்கல் என்றார், தூக்கத்தில் கத்திக்கொண்டே காலை உதறினார், கணக்கு நோட்டில் எழுத்து வரவர எறும்பு மாதிரி சிறுத்துக்கொண்டே போனது. இதையெல்லாம் நாங்கள் சேர்த்துப் பார்க்கவே இல்லை. முகத்தில் சிரிப்பு வராததைப் பார்த்து, என்னமோ கோபமாக இருக்கிறார் என்று எல்லோரும் ஒதுங்கிப் போனோம். முகத்தசை அசைய மாட்டேன் என்கிறது, அவ்வளவுதான். உள்ளே சந்தோஷமாகக்கூட இருக்கலாம், முகத்தை வைத்து முடிவு பண்ணாமல் வாயால் கேளுங்கள்.

மூளையில், உடம்பின் அசைவைச் சீராக நடத்த உதவும் டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்கும் செல்கள் குறைந்துபோவதுதான் நடையும் கைவேலையும் மந்தமாவதற்குக் காரணம். லெவோடோபா மாத்திரை அந்தக் குறையைச் சில மணி நேரத்துக்கு ஈடுகட்டும், நோயை நிறுத்தாது. அதனால் வீட்டின் கடிகாரமே இனி மாத்திரைதான். எங்கள் வீட்டில் காலை 6 மணிக்கு வெறும் வயிற்றில் தண்ணீரோடு மாத்திரை, 6.30க்கு மேல்தான் காபியும் இட்லியும். பால், பருப்பு, முட்டை மாதிரி புரதம் உள்ளதோடு சேர்த்து விழுங்கினால் சிலருக்கு மாத்திரை சரியாக ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு, இல்லையென்றால் ஒரு மணி நேரம் கழித்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்காகப் பருப்பையே நிறுத்திவிடாதீர்கள், உடம்பு இளைத்துவிடும். வெறும் வயிற்றில் குமட்டினால் ஒரு பிஸ்கட் கொடுக்கலாம். இரும்புச்சத்து மாத்திரை இருந்தால் 2 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டாக்டர் சொல்லாமல் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, அது உயிருக்கே ஆபத்தாகப் போகலாம். பூனைக்காலி விதைப்பொடி வாங்கித் தரச் சொல்லி யாராவது வருவார்கள், அந்த விதையிலும் லெவோடோபா இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று அளவு தெரியாமல் மாத்திரையோடு சேர்ந்தால் கணக்கு தப்பிவிடும். டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

மாத்திரை வேலை செய்யும் நேரத்தில் அப்பா தானே குளிப்பார், தானே சவரம் செய்வார். அது இறங்கும் நேரத்தில் சட்டைப் பொத்தான் ஒன்றுக்கே பத்து நிமிடம் ஆகும். காலையில் செய்தவர் இப்போது ஏன் செய்ய மாட்டேன் என்கிறார், வேண்டுமென்றே பிடிவாதம் பிடிக்கிறார் என்று நானே கத்தியிருக்கிறேன். தப்பு என்னுடையது. குளியல், கடை, கோயில் எல்லாவற்றையும் மாத்திரை ஏறியிருக்கும் நேரத்தில் வைத்தால் பாதிச் சண்டை குறையும். வாழ்நாள் முழுக்க வேட்டி நெய்தவருக்கு வேட்டி கட்ட வரவில்லை என்றால் அது எவ்வளவு வலிக்கும்! இடுப்பில் ஒட்டும் பட்டை வைத்த வேட்டி வாங்கிக் கொடுத்தோம், அதைத் தானே கட்டிக்கொள்கிறார். கால் தடுக்காத அளவுக்குக் கொஞ்சம் தூக்கியே கட்டச் சொல்லுங்கள்.

அப்புறம் நடை. நன்றாக நடந்து வருபவர் நிலைப்படியில் அப்படியே நின்றுவிடுவார், பாதம் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி. அந்த நேரத்தில் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், மேல் உடம்பு முன்னால் வரும், கால் வராது, விழுந்துவிடுவார். "சீக்கிரம் வாங்க" என்று சொல்லவும் கூடாது, அவசரப்படுத்தினால் இன்னும் ஒட்டிக்கொள்ளும். பேச்சை நிறுத்திவிட்டு, நிமிர்ந்து நின்று, எடையை ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாற்றி மாற்றி ஆடச் சொல்லுங்கள். நாங்கள் படுக்கையிலிருந்து கழிவறை வரை தரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக மஞ்சள் டேப் குறுக்கே ஒட்டியிருக்கிறோம், கோட்டைத் தாண்டு என்றால் கால் எழுகிறது. தாளமும் உதவும். அப்பாவுக்கு ஒன்று, இரண்டு என்று எண்ணினால் அவ்வளவாக வரவில்லை, தறி மிதிக்கிற தாளத்தில் நான் தொடையைத் தட்டினால் டக் டக்கென்று நடந்து வந்துவிடுகிறார். உங்கள் வீட்டில் எந்தத் தாளம் என்று தேடிப் பாருங்கள், பஜனைப் பாட்டாகவும் இருக்கலாம்.

திரும்பும்போது விழும் ஆபத்து அதிகம். நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றக் கூடாது. ஏற்காடு மலையில் 20 கொண்டை ஊசி வளைவிலும் பஸ் எப்படி அகலமாக எடுத்துத் திரும்புகிறது, அப்படித் திரும்பச் சொன்னேன், அப்பாவுக்கு உடனே பிடிபட்டது. இப்போது "வளைவு வருது" என்றாலே போதும். படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தாலும் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும், ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார வையுங்கள். கழிவறையில் கைப்பிடி, உட்காரும் கோப்பை, வழுக்காத விரிப்பு, இரவில் சின்ன விளக்கு. இதற்குச் செலவைப் பார்க்காதீர்கள்.

சாப்பிடும்போது நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைக் கொஞ்சம் தாழ்த்தி, சின்னச் சின்ன வாயாக. டிவி வேண்டாம், பேச்சும் வேண்டாம். அப்பாவுக்குத் தட்டுவடை செட் என்றால் உயிர், ஆனால் அந்த நொறுங்கல் தொண்டையில் சிக்கி இருமல் வந்த பிறகு சட்னியில் நன்றாக ஊறவைத்துத்தான் கொடுக்கிறோம். அடிக்கடி புரையேறினால் விழுங்குவதைச் சோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள், நுரையீரலில் போய்விட்டால் நிமோனியா வரும். குரலும் தாழ்ந்துபோகும். தினமும் பேப்பர் தலைப்புகளை எதிர்வீட்டுக்குக் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொல்கிறேன், "சத்தமா" என்ற ஒரே சொல்தான் நினைவூட்டல்.

அறையில் சின்னக் குழந்தைகள் நிற்கிறார்கள் என்று ஒருநாள் சொன்னார். இல்லை என்று வாதாடாதீர்கள், விளக்கைப் போட்டு, பக்கத்தில் உட்காருங்கள். சிறுநீர்த் தொற்று, உடம்பில் நீர் குறைவது, மருந்தின் அளவு, எதுவும் காரணமாக இருக்கலாம், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். திடீரென்று அளவில்லாமல் செலவு செய்வது, சூதாடுவது கூட சில மருந்துகளால் வரும், அதை வெளியில் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியில் சேர்க்க நேர்ந்தால் மாத்திரைப் பெட்டியும் நேர அட்டவணையும் கையில் இருக்கட்டும். காய்ச்சலுக்காகச் சேர்த்த ஓரிடத்தில் அப்பாவின் மாத்திரையை இரண்டு மணி நேரம் தள்ளிப்போட்டார்கள், மாலைக்குள் கட்டிலில் புரளக்கூட முடியாமல் கட்டையாகிவிட்டார். இன்னொன்றையும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்: வாந்திக்கு மெட்டோகுளோபிரமைட், தலைசுற்றலுக்கு புரோகுளோர்பெரசின், குழப்பத்துக்கு ஹாலோபெரிடால் கொடுக்க வேண்டாம். இவை டோபமைனைத் தடுப்பவை.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பார்க்கின்சனும் இருக்கிறது, கலெக்டர் ஆபீசில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் சான்றிதழுக்கு என்ன வேண்டும் என்று கேட்டுவிடுங்கள்.

அம்மா இரவில் மூன்று முறை எழுந்து அப்பாவைப் புரட்டிப் படுக்க வைக்கிறார். அதனால் மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அம்மாவை யாரும் கூப்பிடக் கூடாது, கதவைச் சாத்திவிடுவோம். அந்த நேரத்து மாத்திரை என் பொறுப்பு.