கடற்காற்றில் கூட்ஸ் யார்டு மாடல்: பலகையை முதலில் பாருங்கள்

கடலூர், புதுச்சேரி வீடுகளில் ஃபைன்ஸ்கேல் (நிஜ ரயிலின் அளவுகளை நுணுக்கமாகக் குறைத்துச் செய்யும்) கூட்ஸ் யார்டு ரயில் மாடல் அமைப்பவர்களுக்குத் தொல்லை தருவது பெரும்பாலும் தண்டவாளம் அல்ல, அடிப்பலகை. சக்கர விளிம்பு அவ்வளவு சிறியது. பலகை லேசாக முறுக்கினாலே வேகன் தடம் புரளும். 120க்கு 30 செ.மீ. அளவில் 9 மி.மீ. மரைன் பிளைவுட் எடுங்கள். மேல்பக்கம் மட்டும் வார்னிஷ் அடித்தால் ஐப்பசி மழையில் அடிப்பக்கம் ஈரம் குடித்து வளைந்துவிடும். ஆறு பக்கமும் இரண்டு கோட்; வெட்டிய விளிம்புகளுக்கு மூன்று.

தண்டவாளம் நிக்கல் சில்வரில் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) இருக்கட்டும். இரும்பை உப்புக்காற்று விடாது. 1 மீட்டர் நிக்கல் சில்வர் 15 டிகிரி சூடேறினால் சுமார் கால் மி.மீ. நீளும். மார்கழிக் காலையில் பதித்தால் இணைப்பில் அரை மி.மீ. விடுங்கள், சித்திரை மதியத்தில் என்றால் மயிரிழை போதும்.

செம்பு பூசிய ஸ்லீப்பரில் (தண்டவாளத்தைத் தாங்கும் குறுக்குக்கட்டை) சால்டர் வைக்குமுன், இரு தண்டவாளங்களும் மின்சாரத்தில் இணையாதபடி நடுவே செம்பை அரத்தால் கீறி, ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் சோதியுங்கள். பிறகு ஷார்ட் எந்தக் கட்டையில் என்று தேடுவது வைக்கோல்போரில் ஊசி தேடும் வேலை. சால்டர் ஒட்டத் தடவும் அமில ஃப்ளக்ஸை அன்றே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மறுநாள் என்று வைத்தால் பச்சை பூத்திருக்கும்.