நெட்வொர்க்ஸ் பேப்பரில் மார்க் கசியும் இடங்கள்

நெட்வொர்க்ஸ் விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் முதல் பத்துக் கட்டிலேயே ஒரு விஷயம் பிடிபட்டுவிடும். நெட்வொர்க் வேலையைப் பிரித்துக் காட்டும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்குகளின் பெயரை யாரும் தப்பாக எழுதுவதில்லை. ஃபிசிக்கல், டேட்டா லிங்க், நெட்வொர்க் என்று வரிசையாகக் கட்டம் கட்டி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டிருப்பார்கள். ஆனால் "இந்தக் கணினியிலிருந்து அடுத்த நெட்வொர்க்கில் இருக்கும் சர்வருக்கு ஒரு பாக்கெட் (தரவின் ஒரு துண்டு) போகிறது, வழியில் அதன் முகவரிகள் எப்படி மாறும்?" என்று கேட்டால் அதே ஆளின் பேனா நின்றுவிடுகிறது. அடுக்குகளை மனப்பாடம் செய்தாயிற்று. பாக்கெட்டின் கூடவே ஒரு தடவை நடந்து பார்க்கவில்லை. இந்தப் பாடத்தில் நான் பார்க்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து கிளைப்பவைதான்.

மேக் மாறும், ஐபி மாறாது

ஐபி என்பது நெட்வொர்க்கில் கணினிக்குக் கொடுக்கும் முகவரி, மேக் என்பது அதன் நெட்வொர்க் கார்டின் முகவரி. ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். உங்கள் கணினி 192.168.1.10. ரவுட்டரின் இந்தப் பக்க முகவரி 192.168.1.1. சர்வர் ரவுட்டருக்கு அந்தப் பக்கம், 192.168.2.20. மாஸ்க் (முகவரியின் 32 பிட்டில் எத்தனை பிட் நெட்வொர்க்குக்கு என்று சொல்வது) எல்லாவற்றுக்கும் /24, அதாவது முதல் மூன்று எண்கள் நெட்வொர்க். கணினியிலிருந்து கிளம்பும் ஃபிரேமில் (பாக்கெட்டைச் சுற்றிய உறையில்) சேருமிட மேக் முகவரி யாருடையது?

பெரும்பாலானோர் "சர்வருடையது" என்று எழுதுகிறார்கள். தப்பு. ரவுட்டருடையது. கணினி முதலில் மாஸ்க்கை வைத்துப் பார்க்கிறது: சர்வர் என் நெட்வொர்க்கில் இல்லை. சரி, அப்படியானால் டீஃபால்ட் கேட்வேயிடம், அதாவது வெளியே போக வழியான ரவுட்டரிடம், கொடுக்க வேண்டும். ஆகவே ஐபியைச் சொல்லி மேக்கைக் கேட்டறியும் ஏஆர்பி மூலம் "192.168.1.1 யாரிடம் இருக்கிறது?" என்று கேட்கிறது. சர்வரைப் பற்றி அது கேட்பதே இல்லை. கேட்டாலும் பயனில்லை, ஏஆர்பி கேள்வி ரவுட்டரைத் தாண்டிப் போகாது.

திருநெல்வேலியிலிருந்து வேலூர் போகிறவர் மதுரையில் ஒரு முறை, திருச்சியில் ஒரு முறை பஸ் மாறுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். போக வேண்டிய ஊர் கடைசி வரை வேலூர்தான். ஆனால் முதல் பஸ்ஸில் கண்டக்டரிடம் "மதுரை ஒண்ணு" என்றுதான் கேட்பார். வேலூர் என்பது ஐபி முகவரி, மதுரை என்பது மேக் முகவரி. ஒவ்வொரு ரவுட்டரிலும் பழைய ஃபிரேமைக் கழற்றிப் புது ஃபிரேம் மாட்டுகிறார்கள். அனுப்புநர் மேக், பெறுநர் மேக் இரண்டுமே மாறுகின்றன. உள்ளே இருக்கும் ஐபி முகவரிகள் அப்படியே இருக்கின்றன. வழியில் நாட் (ஐபி முகவரியை மாற்றி அனுப்பும் முறை) இருந்தால் மட்டும் அவையும் மாறும். கேள்வியில் நாட் என்று சொல்லவில்லையென்றால் அதை இழுக்க வேண்டாம்.

இதோடு ஒட்டிய இன்னொரு பழக்கம், எந்த நெறிமுறை எந்த அடுக்கு என்று மல்லுக்கட்டுவது. ஏஆர்பி இரண்டாவதா, மூன்றாவதா? தரவை மறையாக்கம் செய்யும் டிஎல்எஸ் ஐந்தா, ஆறா? ஓஎஸ்ஐ மாதிரி தரநிலையாக வெளிவந்தது 1984-ல். இணையத்தின் முன்னோடியான அர்பாநெட், இன்றைய இணையத்தின் அடிப்படை நெறிமுறைகளான டிசிபி/ஐபி-க்கு மாறியது அதற்கு முந்தைய வருடம், 1983 ஜனவரி 1 அன்று. அந்தக் கட்டங்களை அளந்து பார்த்துத் தைத்த சட்டை இல்லை டிசிபி/ஐபி. கேட்டால் ஒரு வரியில் காரணத்தோடு எழுதிவிட்டு நகருங்கள். அரைப் பக்கம் வேண்டாம்.

8-ஆல் பெருக்க மறப்பது

கணக்குகளில் மார்க் போவது புரியாததால் அல்ல, அலகுகளால்.

1500 பைட் பாக்கெட், 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) இணைப்பு, 3000 கிலோமீட்டர் ஃபைபர் கேபிள், அதில் சமிக்ஞையின் வேகம் நொடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர். மொத்தத் தாமதம் எவ்வளவு? ஒரு பைட் என்றால் 8 பிட், ஆகவே 1500-ஐ 8-ஆல் பெருக்கினால் 12,000 பிட். 10 எம்பிபிஎஸ் வேகத்தில் அதைக் கேபிளுக்குள் தள்ளி முடிக்க 1.2 மில்லி நொடி. கேபிளின் மறுமுனைக்குப் பயணம் செய்ய 15 மில்லி நொடி. ஆக 16.2. எட்டை மறந்தவர் முதல் எண்ணை 0.15 என்று போட்டிருப்பார். அதற்குப் பிறகு எல்லாம் சரியாகச் செய்தும் விடை 15.15.

எட்டை மறப்பதைவிடப் பெரிய தவறு, இந்த இரண்டு தாமதங்களும் ஒன்று என்று நினைப்பது. அதே கணக்கில் இணைப்பை 100 எம்பிபிஎஸ் ஆக்குங்கள். தள்ளும் நேரம் 0.12 ஆகச் சுருங்கும், பயண நேரம் அதே 15. பத்து மடங்கு வேகத்துக்குக் காசு கொடுத்தும் 16.2 என்பது 15.12 ஆகத்தான் குறைகிறது. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடிக் கேபிள் 3000 கிலோமீட்டருக்கு மேல். எனவே சிங்கப்பூர் சர்வரில் கேம் ஆடுபவர் என்ன பிளான் போட்டாலும் போகவர 30 மில்லி நொடிக்குக் கீழே பிங் வராது. கேபிளின் நீளம் பிளானைப் பார்த்துச் சுருங்குமா என்ன!

கிலோ, மெகா விஷயத்திலும் கவனம் வேண்டும். இணைப்பின் வேகத்தில் மெகா என்றால் எப்போதும் 10 லட்சம்தான், 1024-ஐ இரண்டு முறை பெருக்கியது அல்ல. கோப்பின் அளவுக்கு 1024 எடுப்பதா, 1000 எடுப்பதா என்பது கேள்வியைப் பொறுத்தது. எதை எடுத்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் திருத்துபவருக்குக் குழப்பம் இல்லை.

ஒரு இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் எத்தனை பிட் போகும் என்று சொல்லும் ஷானன் சூத்திரத்தில் (அலைவரிசை × லாக்(1 + விகிதம்), அடிமானம் 2) டெசிபல் மாட்டிவிடும். 3000 ஹெர்ட்ஸ் அலைவரிசை, சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 30 டெசிபல் என்று கேள்வியில் இருக்கும். சூத்திரத்துக்குள் 30-ஐ அப்படியே போட்டால் நொடிக்கு சுமார் 14,900 பிட் வரும். டெசிபலை முதலில் விகிதமாக மாற்ற வேண்டும்: 30 டெசிபல் என்றால் 1000 மடங்கு. அதைப் போட்டால் சுமார் 29,900. மூன்றாவதாக ஒரு கூட்டம் இருக்கிறது. 1000 என்று சரியாக மாற்றிவிட்டு, கால்குலேட்டரில் அடிமானம் 10 உள்ள லாக் பொத்தானை அழுத்தி 9000 என்று எழுதுவார்கள். அடிமானம் 2 வேண்டும். பொத்தான் இல்லையென்றால் 0.3010-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

பாட் வேகமும் (நொடிக்கு எத்தனை தடவை சமிக்ஞை மாறுகிறது என்பது) பிட் வேகமும் ஒன்றல்ல. பழைய வி.32 மோடம் நொடிக்கு 2400 தடவைதான் சமிக்ஞையை மாற்றியது. ஒவ்வொரு மாற்றத்திலும் 4 பிட் தரவை ஏற்றியதால் 9600 பிட் போனது.

கைப்பழக்கம் /24

"192.168.10.100/27 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது?" இதற்கு வகுப்பில் பாதிப் பேர் 192.168.10.0 என்பார்கள். கண் /27-ஐப் பார்க்கிறது, கை /24-ஐ எழுதுகிறது. லேபில் எப்போதும் /24 போட்டுப் பழகியதன் விளைவு. /27 என்றால் மீதி 5 பிட், ஒரு கூறுக்கு 32 முகவரி. 0, 32, 64, 96, 128 என்று எண்ணிக்கொண்டு போனால் 100 விழுவது 96-ல் தொடங்கும் கூறில். நெட்வொர்க் முகவரி .96, எல்லோருக்கும் சேர்த்து அனுப்பும் பிராட்காஸ்ட் முகவரி .127, கணினிகளுக்குக் கொடுக்கக்கூடியவை .97 முதல் .126 வரை, முப்பது.

இந்த இரண்டைக் கழிப்பது கணினிகளின் எண்ணிக்கைக்கு மட்டும். சீனியர் நோட்ஸில் சப்நெட்களின் (இப்படிப் பிரித்த கூறுகளின்) எண்ணிக்கைக்கும் இரண்டைக் கழித்திருப்பார்கள். முதல், கடைசி சப்நெட்களை ஒதுக்கிவைத்த காலத்து வழக்கம் அது, இப்போது கிடையாது. "192-ல் தொடங்குகிறது, ஆகவே கிளாஸ் சி, ஆகவே /24" என்பதும் அதே நோட்ஸிலிருந்து வருவது. 1993-ல் கிளாஸ் பிரிவுகள் இல்லாத முகவரி முறையான சிஐடிஆர் வந்ததோடு முகவரியின் முதல் எண்ணைப் பார்த்து மாஸ்க்கைச் சொல்லும் காலம் போய்விட்டது. கிளாஸ் பற்றி நேரடியாகக் கேட்டால் எழுதுங்கள், மற்ற இடங்களில் கொடுத்த மாஸ்க்கை நம்புங்கள்.

டிசிபி எண்ணுவது பைட்டுகளை

டிசிபியின் சீக்வென்ஸ் எண் (வரிசை எண்) பாக்கெட்டுக்கு ஒன்று என்று நினைத்து 1, 2, 3 என்று படம் போடுகிறவர்கள் உண்டு. டிசிபி எண்ணுவது பைட்டுகளை. 1001-ல் தொடங்கி 500 பைட் அனுப்பினால் பதிலாக வரும் ஏக் (வந்து சேர்ந்ததற்கான ஒப்புகை) எண் 1501. "1500 வரை வந்தது" என்று அது சொல்வதில்லை, "அடுத்து 1501 கொடு" என்கிறது.

ஃபுளோ கன்ட்ரோல், கன்ஜெஷன் கன்ட்ரோல் இரண்டையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதுபவர்களுக்கு நான் வகுப்பில் சொல்வது 1986 கதை. அந்த ஆண்டு அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்துக்கும் இடையே, சுமார் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32 கிலோபிட்டாக இருந்த வேகம் 40 பிட்டாக விழுந்தது. கிலோபிட் இல்லை, வெறும் 40 பிட். டிசிபியில் ஃபுளோ கன்ட்ரோல் அப்போதே இருந்தது. வாங்குபவரின் பஃபரில் (தற்காலிக நினைவகத்தில்) இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் அனுப்பினார்கள். இடமும் இருந்தது. நெரிந்தது நடுவில் இருந்த நெட்வொர்க். பாக்கெட் தொலைய, மறுபடி அனுப்ப, அதனால் இன்னும் நெரிய என்று சுழன்றது. அதைப் பார்த்துத்தான் அந்த ஆய்வகத்து ஆய்வாளர் வான் ஜேக்கப்சன் கன்ஜெஷன் கன்ட்ரோல் முறைகளை உருவாக்கி 1988-ல் கட்டுரையாக வெளியிட்டார். வாங்குபவரைக் காப்பது ஒன்று, வழியைக் காப்பது மற்றொன்று. இந்தக் கதை நினைவில் இருந்தால் இரண்டு தலைப்பையும் தனித்தனியாக எழுத வரும்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. பிழை கண்டுபிடிக்கும் சிஆர்சி-யில் வகுக்கும் எண் 1011 என்றால் தரவோடு சேர்க்க வேண்டிய பூஜ்யம் மூன்று, நான்கு இல்லை. கழித்தல் எல்லாம் எக்ஸ்ஆர் (இரண்டு பிட்டும் ஒன்றானால் 0, வேறானால் 1), கடன் வாங்கக் கூடாது. தரவாக 1101-ஐ வைத்துச் செய்து பாருங்கள், மீதி 001 வர வேண்டும். ஒரு ஃபிரேம் தொலைந்தால் அதிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி அனுப்பும் கோ-பேக்-என் முறையில் 3 பிட் சீக்வென்ஸ் எண் என்றால் விண்டோ (ஏக் வருமுன் அனுப்பக்கூடிய ஃபிரேம்கள்) 7. தொலைந்ததை மட்டும் மறுபடி அனுப்பும் செலக்டிவ் ரிப்பீட்டில் 4. கோ-பேக்-என்னில் ஏன் 8 கூடாது என்றால், எட்டு ஏக்கும் தொலைந்து எட்டு ஃபிரேமும் மறுபடி வரும்போது, அது பழைய 0-வா புது 0-வா என்று வாங்குபவருக்குத் தெரியாது. அப்புறம், கேபிள் வழி நெட்வொர்க்கான ஈதர்நெட் என்றாலே ஃபிரேம்களின் மோதல் என்று எழுதுவது: ஒரே கேபிளை எல்லோரும் பகிர்ந்த நாளில் சரி. சுவிட்சும் ஃபுல் டூப்ளெக்சும் (ஒரே நேரத்தில் இரு பக்கமும் அனுப்பும் வசதி) உள்ள இன்றைய லேபில் மோதலே கிடையாது.

லேபில்

நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் பாக்கெட் டிரேசரில் எல்லாம் சரியாகக் கட்டிவிட்டு, மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்க பிங் அடித்தால் முதல் வரி 'ரிக்வெஸ்ட் டைம்டு அவுட்' என்று வரும். உடனே பதறிப்போய் முகவரிகளை அழித்து மறுபடி போடத் தொடங்குகிற கையை நான் எத்தனையோ முறை பிடித்து நிறுத்தியிருக்கிறேன். பொறுங்கள், அடுத்த மூன்று வரியையும் பாருங்கள். ரவுட்டருக்கு சர்வரின் மேக் இன்னும் தெரியாது. ஏஆர்பி கேட்டுப் பதில் வருவதற்குள் அந்த முதல் பாக்கெட்டைக் கீழே போட்டுவிடும். இரண்டாவது பிங்கில் நான்கும் வரும்.

நான்குமே வரவில்லையென்றால் ரவுட்டர் கான்ஃபிகரேஷனைத் திறக்கும் முன் இரண்டைப் பாருங்கள். கணினியில் டீஃபால்ட் கேட்வே போட்டீர்களா? சிஸ்கோ ரவுட்டரின் இன்டர்ஃபேஸில் 'நோ ஷட்டவுன்' கொடுத்தீர்களா? ரவுட்டர் இன்டர்ஃபேஸ் ஆரம்பத்தில் மூடியே இருக்கும், இணைப்பு முனையில் சிவப்பு முக்கோணம் தெரியும். நிஜக் கணினிகளில் இன்னொன்றும் உண்டு: பிங் வராததால் அந்தக் கணினி செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம், வெப் சர்வர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். "எந்த போர்ட்டுக்கு பிங் அடித்தாய்?" என்று வைவாவில் கேட்டால் 80 என்று சொல்லிவிடாதீர்கள். பிங் போவது ஐசிஎம்பி என்ற நெறிமுறையில், அதற்கு போர்ட்டே (எந்தச் செயலிக்கு என்று சொல்லும் எண்) கிடையாது.

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கில் உங்கள் கணினியிலிருந்து போகும் பாக்கெட்டுகளுக்கு மட்டும் செக்சம் (பிழை சரிபார்க்கும் எண்) தப்பு என்று காட்டினாலும் பயப்பட வேண்டாம். செக்சம் போடும் வேலையை நெட்வொர்க் கார்டிடம் விட்டிருப்பார்கள். கார்டு போடுவதற்கு முன்பே வயர்ஷார்க் பிடித்துவிடுகிறது. ரெக்கார்டில் "பிழை கண்டறியப்பட்டது" என்று எழுதினால் எக்ஸ்டர்னல் அங்கேதான் விரல் வைப்பார்.